பல்லூடக மின்னஞ்சலுக்கான விரிவுறு ஆவணச் செந்தரத் தேர்வு: தாம்பரம், தென்சென்னைப் புறநகர்த் தமிழாய்வுச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வாளர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் மின்னஞ்சல் இன்று வெறும் மடலாக மட்டும் அமைவதில்லை. சுவடியின் ஒளிப்படம், அதன் எழுத்துப்பெயர்ப்பு, ஓதுவார் ஒருவரின் ஒலிப்பதிவு, பாடவேறுபாட்டுக் குறிப்பு ஆகியவை ஒரே அஞ்சலில் சேர்ந்து செல்கின்றன. இத்தகைய அஞ்சலுக்கு எந்த ஆவணச் செந்தரம் ஏற்றது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1980களிலும் 1990களிலும் முன்வைக்கப்பட்ட ஓடிஏ, மைம் என்னும் இரு வழிகளையும், திஸ்கி முதல் யூனிகோடு வரையிலான தமிழ்க் குறியேற்ற வரலாற்றையும் ஒப்பிட்டு, தமிழ் அஞ்சல்கள் படிக்க இயலாதனவாய்ப் போனமைக்கு முதன்மைக் காரணம் செந்தரத்தின் குறைபாடு அன்று, உள்ளடக்கத்திற்குப் பொருந்தாத பெயரை அதன்மீது ஒட்டியதே என்பதை நிறுவுகிறது. உறை, எழுத்து, கட்டமைப்பு என்னும் மூன்று அடுக்குகளையும் பிரித்துத் தேர்வு செய்யும் முறையினையும் பரிந்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பல்லூடக மின்னஞ்சல், மைம், ஓடிஏ, திஸ்கி, யூனிகோடு, டேஸ்16, டிஇஐ, தாம்பரம்.

1. முன்னுரை

சென்னையின் தென்பகுதியும் அதனைச் சார்ந்த புறநகர்களும் தமிழாய்வு நிறுவனங்கள் செறிந்த நிலப்பரப்பாகும். 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், அதன் வளாகத்தில் தமிழ் மொழித் தொழில்நுட்ப ஆய்வுகளை மேற்கொள்ளும் ஏயு-கேபிசி ஆய்வு மையம், தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2022 முதல் பெரும்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்தில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகியவை இப்பரப்பில் அமைந்துள்ளன. சுவடி ஓரிடத்திலும், அச்சுப்பதிப்பு ஓரிடத்திலும், கணினி ஆய்வு வேறோரிடத்திலும் இருக்கும் நிலையில், ஆய்வுப் பொருள் இவற்றினிடையே மின்னஞ்சல் வழியாகவே பெரிதும் பயணிக்கிறது.

இப்பயணத்தில் இருவகை ஆபத்துகள் உள்ளன. அஞ்சல் சென்று சேராமற்போவது ஒன்று. சேர்ந்தபின் படிக்க இயலாமற்போவது மற்றொன்று. முன்னது உடனே தெரிந்துவிடும். பின்னது சில ஆண்டுகள் கழித்தே புலப்படும். 1990களில் தமிழறிஞர்கள் பரிமாறிக்கொண்ட மடல்களைச் சேமித்து வைத்தோர் இன்று அவற்றைத் திறக்கும்போது, தமிழுக்கு மாறாக ஐரோப்பிய மேற்குறி எழுத்துகளின் வரிசையையே காண்கின்றனர். ஓலைச்சுவடிக்குச் செல்லரிப்பு எத்தகையதோ, மின்மடலுக்கு இது அத்தகையது. எனவே செந்தரத் தேர்வு பொறியாளருக்கு மட்டும் உரிய வினாவாகாது; மூலப்பாடத்தைக் காக்கும் கடமை உடைய பதிப்பாசிரியருக்கும் உரிய வினாவாகும்.

2. ஏழு பிட் அஞ்சலும் தமிழும்

இணைய மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் 1982 ஆகஸ்டில் வெளியான இரு ஆவணங்களில் வகுக்கப்பட்டன. ஆர்எஃப்சி 821 அஞ்சலைக் கடத்தும் முறையையும், ஆர்எஃப்சி 822 மடலின் வடிவத்தையும் வரையறுத்தன. இவ்விதிகளின்படி மடல் என்பது ஆஸ்கி எழுத்துகளால் ஆன வரிகளின் தொடர்ச்சி. ஒவ்வோர் எழுத்தும் ஏழு பிட்டுகளால் ஆனது; வரியொன்று, வரிமுடிவுக் குறிகளையும் சேர்த்து, 1000 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. படத்திற்கோ ஒலிக்கோ ஆங்கிலமல்லாத எழுத்திற்கோ இவ்விதிகளில் இடமில்லை.

இந்தியாவில் 1986இல் தொடங்கப்பெற்ற எர்நெட் திட்டத்தில் கிண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றதனால், தென்சென்னையின் கல்வியுலகம் மின்னஞ்சலைத் தொடக்கத்திலேயே அறிந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அச்சேவையில் எழுத்தை மட்டுமே காட்டும் ஷெல் கணக்குகளும் வழங்கப்பட்டன. அத்தகைய கணக்கைப் பயன்படுத்தியவருக்குப் படமும் எழுத்துருவும் திரையில் தோன்றா. ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே தோன்றும். அக்காலத்துத் தமிழ் இணையக் குழுக்களில் தமிழ் ரோமன் எழுத்துகளால் எழுதப்பட்டது இதனாலேயாகும். லகர ளகரங்களையும் னகர ணகரங்களையும் பெரிய, சிறிய ரோமன் எழுத்துகளால் வேறுபடுத்தும் முறை அங்கே வழக்கூன்றியது. படிப்பதற்கு இடர் தந்தாலும் அம்முறையில் எழுதப்பட்ட மடல்கள் இன்றும் சிதையாமல் உள்ளன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவற்றின் எழுத்தும் அவற்றைக் கடத்திய செந்தரமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன.

3. முன்வைக்கப்பட்ட இரு வழிகள்

3.1 ஓடிஏ: முழுமையை முன்னரே வரையறுத்தல்

எழுத்தும் படமும் கலந்த ஆவணங்களை நிறுவனங்களிடையே பரிமாறுவதற்கென ஐஎஸ்ஓ 8613 என்னும் பன்னாட்டுச் செந்தரம் 1989இல் வெளியானது. முதலில் அலுவலக ஆவணக் கட்டமைப்பு என்றும், பின்னர்த் திறந்த ஆவணக் கட்டமைப்பு என்றும் பெயர்பெற்ற இதுவே சுருக்கமாக ஓடிஏ எனப்படுகிறது. ஓர் ஆவணத்தை இயல், பத்தி, அடிக்குறிப்பு எனப் பொருள்நோக்கிலும், பக்கம், பத்தித்தொகுதி, கட்டம் எனத் தோற்றநோக்கிலும் தனித்தனியே வரையறுத்தது இதன் சிறப்பாகும். உள்ளடக்கத்தை எழுத்து, புள்ளிப்படம், வடிவியற்படம் என மூவகையாகப் பகுத்தது. சிசிஐடிடி 1984இல் வகுத்த எக்ஸ்.400 அஞ்சல் முறையுடன் இணைந்து இயங்கத்தக்கதாக இது கருதப்பட்டது.

கோட்பாட்டளவில் இது மிக்க நேர்த்தி உடையது. ஆயினும் தொடக்கப் பதிப்பில் ஒலிக்கு இடமில்லை. புதியதொரு ஊடகத்தைச் சேர்க்க வேண்டுமாயின் செந்தரத்திற்கே புதிய பகுதி எழுதப்பட வேண்டும். பன்னாட்டுக் குழுக்களில் அது ஏற்கப்பட வேண்டும். அனுப்புநர், பெறுநர் இருவரின் மென்பொருளும் அதற்கேற்ப மாற வேண்டும். முழுமையை முன்னரே வரையறுக்க முயன்ற செந்தரம், எதிர்பாராத புதுமையை ஏற்கும் ஆற்றலில் பின்தங்கியது.

3.2 மைம்: பெயரிட்டு விலகி நிற்றல்

பெல்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த நத்தேனியல் போரன்ஸ்டைன், இன்னோசாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1341, 1992 ஜூனில் வெளியானது. தலைப்புவரிகளில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளை எழுதும் முறையைக் கீத் மூரின் ஆர்எஃப்சி 1342 வகுத்தது. இவ்விரண்டும் திருத்தம் பெற்று, 1996 நவம்பரில் ஆர்எஃப்சி 2045 முதல் 2049 வரையிலான ஐந்து ஆவணங்களாயின. இத்தொகுதியே மைம் எனப்படுகிறது.

மைம், ஆவணத்தின் உட்கட்டமைப்பை வரையறுக்கவில்லை. மடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று செய்திகளை முன்னொட்டாகக் கூறச்செய்தது. இப்பகுதி எவ்வகையைச் சார்ந்தது, எழுத்தாயின் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது, ஏழு பிட் வழியைக் கடப்பதற்காக எவ்வாறு உருமாற்றப்பட்டுள்ளது என்பனவே அவை. பகுதிகளுக்கு இடையே எல்லைவரி ஒன்று அமையும். பழைய அஞ்சல் வழங்கிகளுக்கு இவை அனைத்தும் சாதாரண ஆஸ்கி வரிகளாகவே தோன்றும். அவற்றை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

மைமின் விரிவாக்க ஆற்றல் இரு விதிகளில் அடங்கியுள்ளது. புதிய ஊடக வகை தோன்றினால் அதற்கொரு பெயரைப் பதிவுசெய்தால் போதும். செந்தரத்தை மாற்ற வேண்டியதில்லை என்பது முதல் விதி. அறியாத வகையைக் காணும் மென்பொருள் என்செய்ய வேண்டும் என்பதனை முன்னரே கூறியிருப்பது இரண்டாம் விதி. அறியாத பல்பகுதி வகை, கலவைத் தொகுதியாகக் கொள்ளப்படும். அறியாத செயலி வகை, பொருள் விளங்காத பைட்டுத் தொடராகப் பேணப்பட்டுப் பெறுநரிடம் ஒப்படைக்கப்படும். ஒரே செய்தியைப் பல வடிவங்களில் அனுப்பும்போது எளியது முதலிலும் செறிவானது இறுதியிலும் அமைய வேண்டும். ஷெல் கணக்கில் படிப்பவருக்கு முதலில் கண்ணில்படுவது அவர் படிக்கக்கூடிய எளிய உரையாக இருக்கும்.

இவ்வாற்றலுக்கு மைமின் சொந்த வரலாறே சான்று தருகிறது. 1992இல் மைம் தனக்கென ஓர் அணியுரை வடிவத்தை முன்வைத்தது. அது பின்னர் வேறொரு வடிவத்தால் பதிலிடப்பட்டது. உலகம் அவ்விரண்டையும் விடுத்து எச்டிஎம்எல்லை ஏற்றது. தான் முன்மொழிந்த வடிவம் கைவிடப்பட்டபோதும் மைம் சிதையவில்லை. வகைப்பெயர் ஒன்று மட்டும் மாறியது.

தமிழிலக்கணத்தில் இதற்கு ஒப்பான சிந்தனை உண்டு. வடசொல் தமிழுள் புகும்போது தன் சிறப்பெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்க வேண்டும் எனத் தொல்காப்பியம் எச்சவியலில் நெறி வகுக்கிறது. வரவிருக்கும் சொற்களின் பட்டியலை அது தரவில்லை; வரும் வழியை மட்டும் வகுத்தது. மைமும் ஆஸ்கியல்லாத உள்ளடக்கத்தை ஆஸ்கி எழுத்தால் உருமாற்றியே உள்ளே விடுகிறது. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. தமிழான சொல் மீண்டும் வடசொல்லாவதில்லை. மைமின் உருமாற்றமோ பெறுநரிடத்தில் முழுமையாகத் திரும்பப் பெறத்தக்கது. முன்னொட்டில் கூறிய பெயர் உண்மையாக இருக்கும்வரை மட்டுமே அவ்வாறு பெற இயலும்.

4. பொய்ப்பெயர் பூண்ட மடல்கள்: தமிழ்க் குறியேற்ற வரலாறு

1990களில் தமிழைத் திரையில் காட்டுவதற்குக் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் முதலான எழுத்துருக்கள் தோன்றின. ஒவ்வொன்றும் எழுத்துகளை வெவ்வேறு எண்களில் அமைத்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் பொருட்டு இணையவழிக் கலந்துரையாடலில் உருவானதே திஸ்கி. நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடும் குறியேற்றத் தரப்படுத்தலை விவாதித்தன. பின்னதன் விளைவாகத் தமிழ்நாடு அரசு 1999 ஜூனில் தமிழ் மட்டும் கொண்ட டாம், தமிழும் ஆங்கிலமும் கொண்ட டாப் ஆகிய குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது.

இவை யாவும் எட்டு பிட் குறியேற்றங்கள். இவற்றில் எழுதிய மடலை அனுப்பும்போது மைம் கேட்கும் இரண்டாம் வினாவுக்கு, அதாவது எந்தக் குறியேற்றம் என்பதற்கு, உண்மையான விடை கூற வழியில்லாதிருந்தது. திஸ்கி என்னும் பெயர் இணைய எண்வழங்கு அமைப்பான ஐயானாவின் பட்டியலில் 2007இல்தான் இடம்பெற்றது. அதுவரை மென்பொருள்கள் மேற்கைரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ 8859-1 என்னும் பெயரையோ, பயனர் வரையறுத்தது என்று மட்டும் பொருள்படும் பொதுப்பெயரையோ இட்டு அனுப்பின. முதற்பெயர் பொய், இரண்டாம் பெயர் பெயரே அன்று. அனுப்பியவரிடமிருந்த எழுத்துரு பெறுநரிடமும் இருந்தமையால் மட்டுமே அம்மடல்கள் படிக்கப்பட்டன.

பின்னர் இம்மடல்கள் புதிய அஞ்சல்பெட்டிகளுக்கு மாற்றப்பட்டபோது விளைந்த கேட்டினை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம்.

முதல் நிலை, பெயர் மட்டும் பிழையான மடல். அதன் பைட்டுகள் மாறாமல் உள்ளன. சரியான குறியேற்றப் பெயரைக் கூறி மீளத் திறந்தால் தமிழ் தோன்றும்.

இரண்டாம் நிலை, பிழையான பெயரை நம்பி யுடிஎஃப்-8ஆக மாற்றப்பட்ட மடல். ஒவ்வொரு தமிழ் வடிவமும் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்தாக உறைந்துவிட்டது. இம்மாற்றம் ஒன்றுக்கொன்று நிகராக நடைபெற்றிருப்பின் மீட்பு இயலும். முதலில் ஐஎஸ்ஓ 8859-1க்குத் திருப்பி, பிறகு அப்பைட்டுகளைத் திஸ்கியாகப் படிக்க வேண்டும். இடையில் விண்டோஸ்-1252 பயன்பட்டிருப்பின் கவனம் தேவை. அத்தொகுப்பில் ஐந்து இடங்கள் வரையறுக்கப்படாதவை. அவ்விடங்களில் அமைந்த தமிழ் வடிவங்கள் இழக்கப்பட்டிருக்கக்கூடும்.

மூன்றாம் நிலை, எட்டாம் பிட் வெட்டப்பட்ட மடலும், அறியா எழுத்துகள் வினாக்குறிகளாக மாற்றப்பட்ட மடலும் ஆகும். வினாக்குறியான எழுத்தை மீட்க இயலாது. எட்டாம் பிட் இழந்த மடலில் தமிழ் வடிவமும் ஆஸ்கி எழுத்தும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவதால், முழுவதும் தமிழாக அமைந்த பகுதிகளை மட்டும் ஊகத்தால் மீட்கலாம்.

இம்மூன்று நிலைகளும் சுவடியியலில் எழுத்து மயக்கம், படியெடுப்போர் பிழை, சிதைவு என வழங்கும் நிலைகளோடு ஒப்பிடத்தக்கன. மூன்றிலும் கேட்டின் தொடக்கம் ஒன்றே. மைம் தமிழை ஏற்க மறுக்கவில்லை. தமிழ் மடல் தன் பெயரை மறைத்துச் சென்றது.

5. எழுத்தின் எல்லை: ‘தாம்பரம் கிழக்கு’ என்னும் பொருள்வரி

யூனிகோடு இப்பெயர்ச் சிக்கலைத் தீர்த்தது. இந்தியக் குறியேற்றமான இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவி, 1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதனை அஞ்சலில் கடத்தும் யுடிஎஃப்-8 வடிவத்தின் இன்றைய வரையறை 2003 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 3629 ஆகும். எனினும் யூனிகோட்டில் எழுத்து எது, மைமில் எழுத்து எது, தமிழிலக்கணத்தில் எழுத்து எது என்பவை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை இரு ஊர்ப்பெயர்களால் விளக்கலாம்.

தாம்பரம் என்னும் சொல் தமிழ் மரபில் ஐந்து எழுத்துகளால் ஆனது. திஸ்கியில் துணைக்கால் தனித்து நிற்பதால் ஆறு பைட்டுகள் பெறும். யூனிகோட்டில் தகரம், துணைக்கால், மகரம், புள்ளி, பகரம், ரகரம், மகரம், புள்ளி என எட்டுக் குறியெண்களாகும். ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள் பெறுவதால் மொத்தம் 24 பைட்டுகள். மைமின் இருவகைக் கடப்புக் குறியேற்றங்களுள் குவோட்டட்-பிரிண்டபிள் முறை ஆஸ்கியல்லாத ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்துகளாக விரிக்கிறது. அதன்படி இச்சொல் 72 எழுத்துகளாகிறது. அம்முறையில் ஒரு வரியின் உச்சவரம்பே 76 எழுத்துகள்தான். ஊர்ப்பெயர் ஒன்றே ஒரு வரியை ஏறத்தாழ நிரப்பிவிடுகிறது. பேஸ்64 முறை மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்குவதால் இச்சொல் 32 எழுத்துகளில் அடங்குகிறது. ஆங்கிலம் மிகுந்த மடலுக்கு முன்னதும், தமிழ் மிகுந்த மடலுக்குப் பின்னதும் ஏற்றவை என்பது இதனால் தெளிவாகும்.

பொருள்வரியில் சிக்கல் மேலும் நுண்மையாகிறது. தலைப்புவரிகளில் ஆஸ்கியல்லாத எழுத்தைக் குறியேற்றச்சொல் என்னும் அலகாக மாற்றியே எழுத வேண்டும். ஓர் அலகு 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பது ஆர்எஃப்சி 2047இன் விதி. யுடிஎஃப்-8 என்னும் பெயருக்கும் பேஸ்64 முறைக்கும் உரிய முன்பின் குறிகள் 12 எழுத்துகளைப் பெற்றுக்கொள்கின்றன. எஞ்சிய இடத்தில் அதிகமாக 45 பைட்டுகள், அதாவது 15 தமிழ்க் குறியெண்கள் மட்டுமே அடங்கும். தாம்பரம் கிழக்கு என்னும் பொருள்வரிக்கு 24, இடைவெளிக்கு 1, கிழக்கு என்பதற்கு 21 என 46 பைட்டுகள் தேவை. ஒரே ஒரு பைட்டு மிகுகிறது.

எனவே பொருள்வரி இரண்டாகப் பிரியும். இடம் முழுவதையும் பயன்படுத்தும் மென்பொருள் எங்கே பிரிக்கும் என்பதே வினா. பல பைட்டு எழுத்தொன்றை இரு அலகுகளுக்கிடையே துண்டிக்கக்கூடாது என விதி உள்ளது. ஆனால் விதி கருதும் எழுத்து யூனிகோட்டுக் குறியெண் ஆகும். ஆகவே இறுதியிலுள்ள உகரக்குறியை மட்டும் தனியே இரண்டாம் அலகில் வைப்பது விதிமீறல் ஆகாது. பெறுநரின் மென்பொருள் இரு அலகுகளையும் சரியாக இணைத்தால் தீங்கில்லை. முதல் அலகோடு பொருள்வரி வெட்டப்பட்டாலோ, திரையில் கிழக்க என்றே தோன்றும்.

இங்கு இழப்பு எத்தகையது என்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது. கிழக்கு என்பதன் ஈறு வன்தொடர்க் குற்றியலுகரம். தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகக் கொள்வது. அது நீங்கினால் எஞ்சுவது ஒற்று அன்று, அகரமேறிய ககரம். தொல்காப்பிய மரபில் மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்றல். யூனிகோட்டில் அடிப்படை வடிவம் அகரமேறியது, புள்ளி பின்னர்ச் சேர்க்கப்படுவது. இதனால் தமிழ் மடலில் குறியெண் ஒன்று உதிர்ந்தால் அங்கே வெற்றிடம் தோன்றுவதில்லை; வேறோர் எழுத்து தோன்றுகிறது. வெற்றிடம் படிப்பவரை எச்சரிக்கும். வேறோர் எழுத்து அவரை ஏமாற்றும். பாடவேறுபாடு ஆராய்வோருக்கு இரண்டாவதே பெரிய தீங்கு.

மற்றோர் எடுத்துக்காட்டு சோழிங்கநல்லூர். இதன் முதலெழுத்தைச் சகரத்தோடு ஓகாரக்குறி ஒன்றாகவும் எழுதலாம். சகரத்தோடு ஏகாரக்குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் நிகர் என யூனிகோடு விதிக்கிறது, கண்ணுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் முன்னது 42 பைட்டுகள், பின்னது 45 பைட்டுகள். பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் தேடுபொறி ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தவறவிடும். அனுப்புவதற்கு முன் என்எஃப்சி என்னும் இயல்பாக்க வடிவத்திற்கு உரையை மாற்றுவது இதற்குத் தீர்வாகும்.

இச்சிக்கல்களைக் காட்டி, ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஓர் எண் தரும் டேஸ்16 குறியேற்றத்தை ஆதரிப்போர் உளர். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோட்டையும், யூனிகோடு முழுமையாக இயங்காத இடங்களுக்கு மாற்றாக டேஸ்16ஐயும் ஏற்றது. அதில் தாம்பரம் கிழக்கு ஒன்பது தமிழெழுத்துகளும் ஓர் இடைவெளியுமாக, யுடிஎஃப்-8 வடிவில் 28 பைட்டுகளில் அடங்கும். உயிர்மெய் ஒருபோதும் துண்டாகாது. எழுத்தெண்ணிக்கை, யாப்பாய்வு, சொல்லலகீடு போன்ற அகநிலைப் பணிகளுக்கு இது பெரிதும் ஏற்றதாகும். ஆனால் டேஸ்16 யூனிகோட்டின் தனிப்பயன் பரப்பில் அமைந்துள்ளது. அப்பரப்பின் எண்களுக்கு உலகறிந்த பொருளில்லை. உடன்பாடு கொண்டோரிடையே மட்டும் பொருளுண்டு. யுடிஎஃப்-8 எனப் பெயரிட்டு அதனை அஞ்சலில் அனுப்புவது, 1990களில் திஸ்கி மடலுக்கு மேற்கைரோப்பியப் பெயரிட்டதன் மறுவடிவமே. அது ஆய்வுக்கூடத்தினுள் பயன்படுவதில் தடையில்லை. உறைக்குள் புகுமுன் யூனிகோடாக மாற வேண்டும்.

6. பகுதிகளின் உறவு: கட்டமைப்பு அடுக்கு

மைமுக்கும் ஒரு குறை உண்டு. அது பகுதிகளை அருகருகே வைக்கும். அவற்றின் உறவைக் கூறாது. எழுத்துப்பெயர்ப்பின் மூன்றாம் வரி ஏட்டுப்படத்தின் எப்பகுதிக்கு உரியது என்பதை அதனால் உணர்த்த இயலாது. ஓடிஏ தீர்க்க முயன்றது இதையே. அம்முயற்சியின் நோக்கம் சரியானது; இடமே பொருந்தவில்லை. அக்கட்டமைப்பு உறையில் அன்றி உள்ளடக்கத்தில் அமைய வேண்டும்.

எச்டிஎம்எல் தோற்றத்தைக் காட்டுவதற்குப் போதுமானது. மூலபாட ஆய்வுக்குத் தேவையான திருத்தம், விடுபாடு, ஊகப்பாடம், சிதைவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அதில் இல்லை. அவற்றுக்காகவே உருவானது டிஇஐ என வழங்கும் மின்னுரைக் குறியிடல் முயற்சி. 1990 முதல் வளர்ந்துவரும் இதன் ஐந்தாம் வடிவம் 2007இல் வெளியானது. ஏட்டுப்படத்தின் குறிப்பிட்ட பரப்பினையும் அதற்குரிய வரியினையும் இணைக்கும் வசதியும் அதில் உண்டு. 1998இல் வரையறுக்கப்பட்ட எக்ஸ்எம்எல்லை அடிப்படையாகக் கொண்டமையால் புதிய குறிகளையும் முறையாகச் சேர்க்கலாம். டிஇஐ ஆவணத்திற்குரிய ஊடக வகைப்பெயர் 2011 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6129 வழியாகப் பதிவுபெற்றது. மைம் தோன்றிப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒரு வகை, மைமின் ஒரு விதியையும் மாற்றாமல் அதனுள் இடம்பெற்றது. விரிவுறு தன்மை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7. பரிந்துரை: சுவடி ஏட்டு அஞ்சல் ஒன்றின் அமைப்பு

தாம்பரத்திலிருந்து தரமணிக்கு ஓர் ஏட்டின் ஒளிப்படம், எழுத்துப்பெயர்ப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றை அனுப்ப வேண்டிய நிலையைக் கொள்வோம். அதற்குரிய அஞ்சல் பின்வருமாறு அமையலாம்.

அ. புறவுறை மைமின் கலவைத் தொகுதியாக அமைதல் வேண்டும். அதன் முதற்பகுதி மாற்றுவடிவத் தொகுதி. அதில் எளிய உரை முதலிலும் எச்டிஎம்எல் உரை அடுத்தும் நிற்கும். எச்டிஎம்எல் நீக்கப்பட்டாலும் எளிய உரை தன்னளவில் நிறைவுடையதாதல் வேண்டும்.

ஆ. எழுத்துப்பகுதிகள் அனைத்தும் இயல்பாக்கப்பட்ட யூனிகோட்டில், யுடிஎஃப்-8 என்னும் பெயரோடு, பேஸ்64 முறையில் அமைதல் நன்று.

இ. பொருள்வரி 15 தமிழ்க் குறியெண்களுக்குள் அடங்குதல் நலம். இயலாதெனின், அலகுகளை உயிர்மெய்யின் எல்லையில் பிரிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈ. எழுத்துப்பெயர்ப்பு டிஇஐ ஆவணமாகத் தனிப்பகுதியாய் இணைக்கப்படுதல் வேண்டும். படத்தையும் ஒலியையும் அது சுட்டும் கோப்புப்பெயர்கள் இணைப்புகளின் பெயர்களோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது.

உ. பேஸ்64 முறை கோப்பின் அளவை வரிமுடிவுகளோடு சேர்த்து ஏறத்தாழ 37 விழுக்காடு பெருக்கும். மூல ஒளிப்படம் பெரிதாயின் அதனை நிறுவனக் களஞ்சியத்தில் வைத்து இணைப்புமுகவரி தரலாம். அப்போதும் படிக்கத்தக்க சிறுபடி ஒன்று அஞ்சலினுள் இருத்தல் வேண்டும். முகவரி மறைந்தாலும் சான்று மறையாது.

ஊ. சேமிக்கும்போது மடலின் உரையை மட்டும் நகலெடுக்காமல், தலைப்புவரிகளோடு கூடிய மூல அஞ்சலை அப்படியே காத்தல் வேண்டும். பின்னாளில் பிழையைக் கண்டறிய உதவும் பெயர்கள் அத்தலைப்புவரிகளிலேயே உள்ளன. பழைய திஸ்கி மடல்களை மாற்றுவோரும் மாற்றப்படாத மூலத்தை உடன்வைத்தல் கடமையாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பல்லூடக மின்னஞ்சலுக்கு ஒரே செந்தரத்தைத் தேடுவது பொருந்தாது. உறைக்கு மைம், எழுத்துக்கு யூனிகோடு, கட்டமைப்புக்கு டிஇஐ என அடுக்குதோறும் தனித்தேர்வு வேண்டும். ஓடிஏ இம்மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தமையே புதிய ஊடகங்களை ஏற்பதற்குத் தடையாயிற்று.

விரிவுறு செந்தரம் என்பது வரக்கூடிய அனைத்தையும் முன்னரே அறிந்திருப்பதன்று. புதியதற்குப் பெயரிடும் வழியையும், அறியாததைச் சிதைக்காமல் காக்கும் விதியையும் கொண்டிருப்பதே அதன் இலக்கணம்.

தமிழ் மடல்களின் சிதைவுக்குக் குறியேற்றங்களின் பன்மையைவிட, அவற்றுக்கு உரிய பெயர் இல்லாமையும் பொய்ப்பெயர் இடப்பட்டமையுமே முதன்மைக் காரணங்கள். எந்தப் புதிய குறியேற்றமும் அஞ்சலில் புகுமுன் பதிவுபெற்ற பெயரைப் பெற்றிருத்தல் வேண்டும்.

செந்தரங்கள் கருதும் எழுத்தும் தமிழிலக்கணம் கருதும் எழுத்தும் வேறாதலால், கிழக்கு என்னும் சொல்லின் குற்றியலுகரம்கூட விதிமீறலின்றித் துண்டிக்கப்படலாம். இவ்விடைவெளியைக் கண்டு சொல்லும் பொறுப்பு எழுத்திலக்கணம் அறிந்தோருக்கே உரியது. தாம்பரம் முதல் தரமணி வரை தமிழ்த்துறைகளும் கணினியாய்வு மையங்களும் அண்மையில் அமைந்துள்ள இப்பரப்பு, அப்பணியை இருதுறையாரும் இணைந்து மேற்கொள்வதற்கு ஏற்ற களமாகும். இன்று அனுப்பும் மடல் நாளைய மூலச்சான்று என்னும் உணர்வோடு அது தொடங்கப்பெறுதல் வேண்டும்.